நர்சம்மாவிடம் கேட்டவை: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் புற்றுநோய்க் கேள்விகள்

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பென்னாகரம் பக்கம் தொடங்கி காரிமங்கலம், ஊத்தங்கரை என்று பல ஊர்களில் வேலை பார்த்தேன். 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் மாறினாலும் மக்கள் கேட்ட கேள்விகள் மாறவில்லை. பஸ் ஸ்டாண்டில், கோயில் திருவிழாவில், கல்யாணப் பந்தியில்கூட என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போய்க் கேட்பார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். அன்று அவசரத்தில் நின்றபடி சொன்ன பதில்களை இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் பார்த்த புற்றுநோய்ச் சாவுகளில் பலவற்றுக்கு மருந்து இருந்தது. முதல் அறிகுறிக்கும் முதல் பரிசோதனைக்கும் நடுவே ஆறு மாதம், எட்டு மாதம் என்று போன காலம்தான் அந்த உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மாதங்களை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனையும் எழுதுகிறேன்.

"நான் நல்லாத்தானே இருக்கேன் நர்சம்மா, எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

நல்லா இருக்கும்போது செய்துகொண்டால்தான் அதற்குப் பலன். வலி வந்த பிறகு செய்வது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. வலி வருவதற்கு முன் செய்வது நோயை முந்திக்கொள்ளும் பரிசோதனை. 30 வயது தாண்டிய எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை, பெண்களுக்கு அதோடு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் என்று மூன்று இடங்களை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.

ஏன் இந்த மூன்று? பெரிய மெஷின் எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே சந்தேகத்தைக் கண்டுபிடித்துவிடக்கூடிய இடங்கள் இவை. அடிக்கடி நோய் வரும் இடங்களும் இவைதான். 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அதில் மார்பகம் ஏறக்குறைய 1.92 லட்சம், உதடும் வாயும் 1.43 லட்சம், கர்ப்பப்பை வாய் 1.27 லட்சம். மூன்றையும் கூட்டினால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது.

"எங்கே போகணும்? யாரைப் பார்க்கணும்?"

உங்கள் ஊருக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடம் சொன்னாலே போதும். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறாரே, அந்தப் பெண்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அவர் இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய்விடலாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

நாள் பார்த்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டம், புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அந்த இரண்டு நாளும் செவிலியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வேறொரு நாள் காலையில் போனால் நின்று பேசவும் முடியும், கூச்சமில்லாமல் பார்க்கவும் முடியும்.

"கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைன்னா என்ன பண்ணுவாங்க? வலிக்குமா? வெக்கமா இருக்கே."

வெட்கம்தான் நம் பக்கத்துப் பெண்களுக்குப் பெரிய தடை. அதனால் ஒவ்வொரு அடியாகச் சொல்கிறேன். தனி அறை, ஸ்கிரீன் மறைப்பு, பெண் செவிலியர். பிரசவத்துக்குப் படுத்தது போலப் படுக்கச் சொல்வார்கள். சிறிய கருவி ஒன்றை வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். பஞ்சில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு அந்த இடத்தில் வைப்பார்கள். நம் வினிகரில் இருப்பது அதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறுதல் அடைந்த செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். லேசாக எரியும், சிலருக்கு அடிவயிறு இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். ஐந்து நிமிடத்தில் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு வந்துவிடலாம். தீட்டு நாளில் மட்டும் போக வேண்டாம்.

வெள்ளையாகத் தெரிந்தது என்று சொன்னவுடன் சிலர் அங்கேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். அழ வேண்டாம். வெள்ளை தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. புண், கிருமித் தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு. உண்மையாகவே செல் மாறியிருந்தாலும், அது புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 வருடம் பிடிக்கும். அந்த நீண்ட இடைவெளியில் கண்டுபிடித்தால், கர்ப்பப்பையை எடுக்காமலேயே அந்த இடத்தை மட்டும் சூட்டாலோ குளிர்ச்சியாலோ கருக்கிச் சரி செய்துவிடலாம். வேறெந்தப் புற்றுநோயும் இவ்வளவு வருடம் நமக்கு அவகாசம் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த அவகாசத்தை வெட்கத்துக்காக விட்டுக்கொடுக்கலாமா?

ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மறுபடி ஐந்து வருடம் கழித்துப் போனால் போதும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அனுப்பிய சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் சொருகியபடியே கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"தீட்டு நின்னு நாலு வருசம் ஆச்சு. இப்ப மறுபடி லேசா படுது. உடம்பு சூடுதானே?"

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் கறாராகத்தான் பதில் சொல்வேன். தீட்டு முழுசாக நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். உடலுறவுக்குப் பிறகு ரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இரண்டு தீட்டுக்கு நடுவே படுவது எல்லாமே அப்படித்தான்.

ஒரு அம்மா, ராகி அறுப்புக்குப் போகிறவர், "எட்டு மாசமா படுது, மோர் குடிச்சா சரியாப் போயிடும்னு இருந்தேன்" என்றார். மகளிடம்கூடச் சொல்லவில்லை. துணியைத் தானே தனியாகத் துவைத்து மறைவாக உலர்த்தியிருக்கிறார். பரிசோதனை முடிவு வந்தபோது நோய் இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தா?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

"பொண்ணுக்கு ஏதோ ஊசி இருக்காமே?"

இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட முழுவதுமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பேருக்குக் காரணம். அதற்கான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. கல்யாணத்துக்கு முன், வைரஸ் உடம்புக்குள் நுழைவதற்கு முன் போட்டால் முழுப் பலன். இந்தியாவிலேயே தயாரான செர்வாவாக் என்ற ஊசி 2023 ஜனவரியில் வந்தது. 14 வயதுச் சிறுமிகளுக்கு அரசே இலவசமாகப் போடும் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்தது. பள்ளியில் ஒப்புதல் படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

"பிள்ளை பிறக்காமப் போயிடுமாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி எதுவும் கிடையாது. ஊசி போட்ட கை ஒரு நாள் வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். ஊசி போட்டிருந்தாலும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை உண்டு, அதை விட்டுவிட முடியாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் பதினெட்டு நிறையாத பெண்ணைக் கட்டிக்கொடுப்பது இன்னும் நின்றபாடில்லை. சின்ன வயதில் பிரசவம், அடுத்தடுத்துப் பல பிரசவங்கள், இரண்டும் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. பெண்ணைப் படிக்க அனுப்புவதும் புற்றுநோய்த் தடுப்புதான் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

"மார்புல சின்னதா ஒரு கட்டி. வலியே இல்லை. அதனால பயமில்லைதானே?"

வலி இல்லை என்பதால்தான் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது. வலிக்காததால் யாரும் சொல்வதில்லை. கல் போலக் கெட்டியாக, நகராமல் இருப்பது, தோலில் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போலத் தடிப்பது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இதில் எது இருந்தாலும் போங்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் அதை நீங்களோ நானோ தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாதம் ஒருமுறை, தீட்டு வந்து ஏழெட்டு நாள் கழித்து, குளிக்கும்போது சோப்புக் கையால் விரல் பரப்பைத் தட்டையாக வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். தீட்டு நின்றவர்கள் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் அம்மாக்களும் "பால் கட்டி" என்று மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டாம், இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் காட்டுங்கள்.

"புகையிலை போடாம களை எடுக்க முடியாது நர்சம்மா. வெறும் பாக்குன்னா பரவாயில்லையா?"

வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர்களை நான் பார்த்ததில்லை. தாம்பூலத் தட்டில் மங்கலமாக வைக்கும் பொருளாயிற்றே! ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே உறுதிப்படுத்திவிட்டது. முகூர்த்தத்துக்குத் தட்டில் இருக்கட்டும். தினமும் கன்னத்தில் அடக்கி வைப்பதுதான் வினை.

ஹான்ஸ், கூல் லிப், குட்கா, பீடி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் விற்கத் தடை. இருந்தும் மாநில எல்லை பக்கம் என்பதால் பொட்டலம் பையன்கள் கைக்கு வந்துவிடுகிறது. களை எடுப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர் என்று பசியையும் தூக்கத்தையும் அடக்க இதைப் போடுபவர்களை நான் திட்டியதில்லை. வேலை அப்படி. திட்டினால் அடுத்த தடவை வாயைத் திறந்து காட்ட மாட்டார்கள்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். வாயை அகலத் திறந்து உங்கள் மூன்று விரலை நெட்டுக்கு உள்ளே விட முடிகிறதா? முடியவில்லை என்றால் கன்னச் சதை இறுக ஆரம்பித்துவிட்டது. காரம் பட்டாலே எரிவது, எப்போதும் அடக்கி வைக்கும் பக்கமே வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்பு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், இவற்றைப் பல் டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். விட நினைப்பவர்கள் 1800-112-356 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். முதல் மூன்று நாள்தான் பேயாட்டம் ஆடும், அதைத் தாண்டியவர்கள் நிறைய பேர் உண்டு.

"சூடா களி முழுங்கினா கேன்சர் வருமா? நம்ம தண்ணியில ஃப்ளோரைடு இருக்கே, அதனால வருமா?"

ராகி நல்ல தானியம், அதைப் பயந்து விட வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்கிறார்கள். களியை மெல்லாமல் உருட்டி விழுங்குகிறோம் என்பதால் கொஞ்சம் ஆறவிட்டுச் சாப்பிடுவது நல்லது. காபிக்கும் அதேதான். விழுங்கும்போது நெஞ்சில் நிற்பது போல் இருந்து, நாளுக்கு நாள் கஞ்சி மட்டுமே இறங்கும் நிலைக்கு வந்தால் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்தே ஆக வேண்டும்.

ஃப்ளோரைடு பல்லைக் கறையாக்கும், எலும்பை வளைக்கும். நம் ஊர்க் கிழவர்களின் முதுகைப் பார்த்தாலே தெரியும். அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. ஆனால் அது புற்றுநோய் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

"கிரானைட் குவாரியில இருபது வருசமா வேலை. இருமல் இருக்கு."

கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெட்டியாக்கும். அதோடு நுரையீரல் புற்றுநோயும் தரும் என்பது நிரூபணமானது. பீடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள். அப்போது "குவாரியில் வேலை" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எல்லா இருமலையும் டி.பி. என்று முடித்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் காலம் போனவர்கள் உண்டு. மூக்கில் கட்டும் துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீர் விட்டுத் துளைப்பதும் சரியான மாஸ்க்கும்தான் தடுக்கும், அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை.

"சதை எடுத்தா, கத்தி வெச்சா பரவிடும்னு சொல்றாங்களே?"

இந்தப் பேச்சால் போன உயிர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. சதைப் பரிசோதனையால் நோய் பரவுகிறது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பிறகு ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொல்கிறார்கள்? முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே சதை எடுக்கிறார்கள். ஏற்கெனவே பரவியிருந்த நோய் அடுத்த சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோகிறது. ஊர் கண்ணுக்குத் தெரிவது கத்தி மட்டும்தான். சதை எடுக்காமல் என்ன வகை, எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது.

நாட்டு வைத்தியத்தையும் சேர்த்துக் கேட்பீர்கள். மூட்டு வலிக்குப் பத்துப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டிக்கு மட்டும் பத்துப் போட்டுக் காத்திருக்காதீர்கள். கட்டி உடைந்து புண்ணாகி வந்த பெண்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். முதல் நிலையில் ஒரு ஆபரேஷனோடு முடிந்திருக்க வேண்டியது அது.

"காசுக்கு எங்கே போறது?"

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்து தருவார்கள். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத மருமகள், பேரக்குழந்தை இருந்தால் முதலில் அதைச் சேருங்கள். அந்த ஒரு பெயர் இல்லாததால் வாசலில் நின்ற குடும்பங்கள் உண்டு. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் கட்டுவதற்கு முன்பே "கார்டு இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா" என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது கடினம்.

ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும். சிகிச்சை மட்டும் இல்லை, சம்பளமும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு வருடம் வேலையில் இருந்து சந்தா ஒழுங்காகப் போயிருந்தால், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு வருடம் வரைகூட நீட்டித்துத் தர விதி உண்டு. கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு வந்துவிடாதீர்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கும் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். மொரப்பூரில் ஏறிச் சென்னை போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

"சேலமா, பெங்களூரா, அடையாறா, வேலூரா?"

முதலில் உங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தருமபுரியில் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. நோயை உறுதி செய்ய அங்கேயே போகலாம். பிறகு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தருமபுரிக்காரர்களுக்குப் பக்கம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்கள் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவது வழக்கம், கன்னடமும் தெலுங்கும் பேசும் ஊர்கள் என்பதால் அவர்களுக்கு அங்கே கூச்சமும் இல்லை. ஆனால் அது கர்நாடக அரசின் நிறுவனம். நம் கார்டு அங்கே எதற்குச் செல்லும் என்று முதலில் கேளுங்கள். காஞ்சிபுரத்தில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது.

என் அபிப்பிராயம் கேட்டால், பெயர் பெற்ற இடத்தைவிடப் போய் வர முடிகிற இடம் மேல். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

"கரண்டு வைக்கச் சொல்லியிருக்காங்க. மாங்கா சீசன் முடிஞ்சு போகலாமா?"

போகக் கூடாது. கதிர்வீச்சைத்தான் நாம் கரண்டு என்கிறோம். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சுவதில்லை, எக்ஸ்ரே எடுப்பது போல அசையாமல் படுத்திருந்தால் போதும், சில நிமிடம்தான். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம் தொடர்ந்து போக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து சுமார் 25 முறை, கூடவே வாரம் ஒரு கீமோ (புற்றுநோய்ச் செல்லை அழிக்கும் மருந்து), பிறகு உள்ளே கருவி வைத்துச் சில முறை. எல்லாமாகச் சேர்த்து 56 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். நடுவில் விட்ட நாளில் செல்கள் மறுபடி பெருகும்.

நம் குடும்பங்கள் உடைவது இந்த இடத்தில்தான். பத்தாவது நாள் எரிச்சல், பேதி, சோர்வு வரும். பதினைந்தாவது நாள் ரத்தம் படுவது நிற்கும், "சரியாயிடுச்சு" என்று தோன்றும். வீட்டில் மாட்டைப் பார்க்க ஆளில்லை, மகன் லீவு முடிந்து திருப்பூருக்குத் திரும்பிவிட்டான், ஆடிப்பெருக்கு வருகிறது. அப்படியே ஊருக்கு வந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து நோய் திரும்பி வரும், அப்போது முன்போல அதே அளவு கதிர்வீச்சு கொடுக்க முடியாது.

அதனால் முதல் நாள் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். யார் கூட இருப்பது, எந்த வாரம் யார், மாடு யார் பொறுப்பு, எங்கே தங்குவது? ஆஸ்பத்திரியில் தங்க இடம் கிடைக்குமா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். கதிர்வீச்சு முடிந்து தொடர் கீமோ மட்டும் என்றால், அதை உங்கள் மாவட்ட மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ள எழுதித் தர முடியுமா என்றும் கேளுங்கள்.

"ஒட்டிக்குமா? தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா?"

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். ஒரு வீட்டில் திண்ணையில் தனி டம்ளரோடு ஒரு பாட்டியைப் பார்த்தேன். அந்த டம்ளரிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

"அவங்களுக்கு என்ன நோய்னு சொல்லலாமா? தாங்குவாங்களா?"

பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று அவர்களும் சொல்லாமல் இருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "என்ன தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, அவர்கள் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். நிலத்தை யாருக்கு எழுதுவது, எந்தக் கோயிலுக்குப் போய் வருவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டியவை இருக்கும்.

"டாக்டர் கைவிட்டுட்டார். ராத்திரி பூரா வலியில கத்தறாங்க. என்ன பண்றது?"

நோயைக் குணப்படுத்த முடியாது என்று சொன்ன பிறகும் வலியைப் போக்க முடியும். அதற்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. விலை குறைவுதான், ஆனால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் வாங்க முடியும். அதை எளிதாக்க 2014-இல் சட்டத்தையே திருத்தினார்கள். "அடிமையாயிடுவாங்க" என்று பயப்படாதீர்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர்கள் அப்படி ஆவது மிக அரிது. வலி வந்த பிறகு கொடுக்காமல், சொன்ன மணிக்கு மணி கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்தது. படுக்கையில் இருப்பவரின் பெயரைத் தன்னார்வலரிடம் பதிவு செய்தால் செவிலியர் வீட்டுக்கு வருவார். புண்ணில் நாற்றம் அடிப்பதால் யாரும் கிட்டே வருவதில்லை என்று அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் சில நாளில் நாற்றம் அடங்கும். செவிலியரிடம் கேட்டு, அவர் காட்டிக்கொடுக்கும் விதத்தில் செய்யுங்கள். நாற்றம் போன மறுநாள் ஒரு அம்மாவின் பக்கத்தில் அவர் பேத்தி வந்து படுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"சிகிச்சை முடிஞ்சுது. இனிமே எப்ப வரணும்? இந்தக் காகிதமெல்லாம் வேணுமா?"

பொதுவாக முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஐந்தாவது வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. டாக்டர் உங்களுக்கென்று எழுதிய தேதி இருந்தால் அதுதான் கணக்கு.

காகிதம் அத்தனையும் வேண்டும். மழையில் நனையாத பையில் தேதி வரிசையாக அடுக்கி வையுங்கள். சதைப் பரிசோதனை ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, எத்தனை கரண்டு எவ்வளவு அளவு என்று எழுதிய தாள், கீமோ அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் ரிப்போர்ட் மட்டும் போதாது, மெழுகில் பதித்த உங்கள் சதைத் துண்டையும் கண்ணாடி ஸ்லைடையும் கேட்பார்கள். பழைய ஆஸ்பத்திரியின் லேபில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.